பிற

பதினொரு அழைப்பு மணிகள்.
நான்கில் பெயர் அழிந்திருக்கிறது,
ஒன்றில் பெயர்மேல் பெயர் ஒட்டியிருக்கிறது.
வாளியில் பெர்லின் அனுப்பிய ரோஜாக்கள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்சியின் நாடா.
கூடவே தலைமையகம் அனுப்பிய விப்கெ,
வயது இருபத்து நான்கு.
அவள் கைபேசியில் ஒரு செயலி:
வாசலுக்கு நான்கு நிமிடம்.
ஆதரவு, ஊசலாட்டம், எதிர்ப்பு, பிற.
"ஒன்றைத் தொட்டால் போதும், ரோஸ்வித்தா."

மூன்றாம் மாடிப் படிக்கட்டில் விளக்கில்லை.
ஏவால்ட் பியோன்டெக்
சங்கிலி விட்ட அளவுக்குக் கதவைத் திறந்தார்.
முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் இருந்தவர்.
ஒரு காலத்தில் பசைவாளியும் சுவரொட்டியுமாக
இந்தத் தெருவையே சிவப்பாக்கியவர்.
என்னைப் பார்த்தார். ரோஜாவைப் பார்த்தார்.
"யார் செத்தது?" என்றார்.

உள்ளே போய் உறுப்பினர் புத்தகத்தோடு வந்தார்.
கட்டம் கட்டமாகச் சந்தா வில்லைகள்,
எல்லாம் நான் நாக்கில் நனைத்து ஒட்டியவை.
கிளைக்கு அன்றும் இன்றும் பொருளாளர் நான்தான்.
ஓர் அக்டோபரோடு வில்லைகள் நிற்கின்றன.
அந்த அக்டோபரில்தான் அவர் மகனுக்கு
உதவித்தொகைப் படிவம் வந்தது:
சேமிப்பு எவ்வளவு, கார் என்ன விலை போகும்,
வீட்டில் யார் யாரோடு படுக்கிறார்கள்.
படிவத்தை எழுதியது எதிர்க்கட்சி அல்ல.
அந்த மாதமும் நான் வந்தேன் இந்த வாசலுக்கு,
வில்லை விற்க.

"உங்களுக்கு என்ன வேண்டும்?"
விப்கெ நல்ல பெண். மனப்பாடம் செய்த கேள்வி.
"எட்டு மணிக்குமேல் ஒரு பேருந்து.
அக்கா மருத்துவமனையில் கிடக்கிறாள்.
பார்த்துவிட்டுத் திரும்ப வழியில்லை."
பிறகு, கதவைச் சாத்திக்கொண்டே:
"நீங்கள் இப்போது அந்தக் கிடங்குக்காரர்களின் கட்சி.
அவர்களைப் போய்க் கேளுங்கள்."

போனேன். மறுநாள் இரவு, ரோஜா இல்லாமல்.
கால்வாய் ஓரம் பழைய சுரங்கவாய் இருந்த இடத்தில்
ஜன்னலே இல்லாத கட்டடம்,
உள்ளே உலகத்துச் செருப்பெல்லாம் அட்டைப்பெட்டியில்.
பத்து மணிக்குக் கதவு திறந்தது.
நூறு பேர், யாரும் யாரோடும் பேசவில்லை.
நெஸ்ரின் என்ற பெண் என் வேகத்துக்கு நடந்தாள்,
அல்லது அவள் கால் வலி என் வயதுக்குச் சமமாக இருந்தது.
நான்கு கிலோமீட்டர்.
கட்சி என்று தொடங்கினேன்.
"எனக்கு ஓட்டு இல்லையே," என்றாள்,
முகவரி தப்பிய தபால்காரரிடம் சொல்வதுபோல.
"பிறந்தது இங்கேதான். கடவுச்சீட்டு அப்பாவின் ஊர்."
பாலத்தில் நின்று செருப்பைக் கழற்றிக்
கல்லை உதறினாள்.
"பத்தேகாலுக்கு ஒரு பேருந்து விடச் சொல்லுங்கள்.
வேறொன்றும் வேண்டாம்."

உழைப்பவளுக்கு ஓட்டில்லை.
ஓட்டுள்ளவருக்கு உழைக்க இடமில்லை.
இருவரும் கேட்பது ஒரே பேருந்து.
அது வந்தாலும்
அவர் பக்கத்து இருக்கையில் பையை வைப்பார்.

சனிக்கிழமை அறிக்கை.
இரண்டையும் பிற என்று தொட்டேன்.
திரையில் வட்டப்படம் விரிந்தது.
பிறவுக்குச் சாம்பல் நிறம்,
வட்டத்தில் பாதிக்குமேல் அதுதான்.
பெர்லினிலிருந்து குரல்: "அந்தச் சாம்பலை விடுங்கள்,
மற்ற மூன்றையும் பேசுவோம்."
பேசினார்கள். மாற்றம், மரியாதை, எதிர்காலம்.
பேருந்து என்றேன்.
அது மாவட்ட விவகாரம் என்றார்கள்.
மாவட்டத்திலும் நாங்கள்தான் என்றேன்.
ஒலி அறுந்தது, அல்லது அறுத்தார்கள்.

ஞாயிறு மதியம் மூன்றாம் மாடிக்கு
ஒரு பல்போடு போனேன். நான்கு யூரோ, என் காசு,
கட்சிக் கணக்கில் எழுதவில்லை.
பியோன்டெக் எதுவும் கேட்காமல்
ஏணி கொண்டுவந்து பிடித்தார்.
கழுத்து வலிக்க இருட்டில் துழாவினேன்.
"இடதுபக்கம் திருகாதே," என்றார் கீழிருந்து,
"கழன்றுவிடும். வலதுபக்கம்."
சொன்னது அவருக்கே உறைத்து
இருமலும் சிரிப்புமாய்
ஏணி ஆடியது.
"பிடியுங்கள் ஒழுங்காக," என்றேன்.
பிடித்தார்.